அனுபவம் இல்லை என்று அடித்தார்கள்

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது நான்கு, வளர்த்தது ஆறு. செத்துப்போன தங்கையின் பிள்ளைகள் இரண்டும் என் கையில்தான் வளர்ந்தன. வயதையும் பிள்ளைக் கணக்கையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னைப் பற்றி யார் கேட்டாலும் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். எனக்குப் பயோடேட்டா டைப் அடித்துக் கொடுத்தவரும் இதோடுதான் நிறுத்தினார். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறவேண்டும் என்ற ஆசையும் எனக்கு இல்லை.

ஏற்காட்டு மலையில் கொட்டச்சேடு பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் என் வீட்டுக்காரர் வாட்ச்மேனாக இருந்தார். கேட்டை ஒட்டியே எங்களுக்கு ஓர் அறையும் சமையற்கட்டும் கொடுத்திருந்தார்கள். எழுபதுகளில் போய்ச் சேர்ந்தோம். வாட்ச்மேன் வேலைக்கு எஸ்டேட்டில் தனி ஆளை எடுக்க மாட்டார்கள், கல்யாணமானவனா என்று கேட்டுத்தான் எடுப்பார்கள். குடும்பஸ்தன் மேல் உள்ள அக்கறை என்று வெளியாட்கள் நினைத்துக்கொள்வார்கள். அக்கறையும் இல்லை, ஒன்றும் இல்லை. பழம் எடுக்கிறவர்கள் முக்கால்வாசி பெண்கள். சாயங்காலம் அவர்கள் வெளியே போகும்போது மடியில் மிளகு இருக்கிறதா, சோறு கொண்டுவந்த தூக்குப்போசிக்குள் காப்பிப் பழம் இருக்கிறதா என்று பார்த்து அனுப்ப வேண்டும். ஆம்பிளை வாட்ச்மேன் பொம்பளை மடியில் கை வைக்க முடியுமா? அதற்குத்தான் பெண்டாட்டி. சம்பளம் அவருக்கு, மடி பார்ப்பது நான்.

மடியோடு முடிந்ததா என்றால் அதுவும் இல்லை. அவர் ராத்திரி முழுக்கத் தோட்டத்தைச் சுற்றிவிட்டுப் பகலில் படுத்துவிடுவார். விடிந்ததிலிருந்து இருட்டும்வரை கேட் என் பொறுப்பு. கணக்கு எழுதும் ரைட்டர் கையெழுத்துப் போட்ட சீட்டு இல்லாமல் ஒரு மூட்டை என்னைத் தாண்டிப் போனதில்லை. ஹாரன் அடித்தால் திறக்க மாட்டேன். இறங்கி வந்து, யார், யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று சொன்னால்தான் சங்கிலியைக் கழற்றுவேன். முதலாளியின் மருமகப்பிள்ளை முதல் தடவை வந்தபோது அவரையும் இறக்கித்தான் உள்ளே விட்டேன். அவர் போய்ப் புகார் சொன்னார். முதலாளி என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "உன் கேட்டு நல்லா இருக்குதப்பா" என்று மெச்சினார். பாராட்டும் அவருக்கே போனது.

திட்டு மட்டும் தவறாமல் என்னிடம் வந்தது. வரிசையில் நிற்கும் பெண்கள் சும்மா நிற்பார்களா?

"என்னக்கா இந்தத் தடவு தடவற, உங்க ஊட்டுக்காரருக்கு ரெண்டாந்தாரம் பாக்கறயா?"

"பாத்தாலும் உன்னையப் பாக்க மாட்டேன். மடிய அவுறு."

இப்படியே பதினெட்டு வருடம் போலப் போயிற்று. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓர் ஐப்பசி மழையில் அவர் காய்ச்சலில் படுத்தார். எழுந்திருக்கவில்லை.

காரியம் முடிந்ததும் எஸ்டேட் மேனேஜர் வந்தார். நல்ல மனிதர்தான், குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்.

"பழம் எடுப்பு தொடங்கறதுக்குள்ள புது வாட்ச்மேன் சம்சாரத்தோட வர்றாருங்கம்மா. நீங்க ஊட்டைக் காலி பண்ணிக் குடுக்கணும்."

"கேட்டு வேலைய நானே பாத்துக்கறனுங்க. புதுசாவா பாக்கப் போறேன்?"

"வாட்ச்மேன்னா ஆம்பளதானுங்கம்மா. நீங்க பாவம், அவருக்கு ஒத்தாசையா இருந்தீங்க. நான் இல்லைன்னு சொல்லலீங்க."

ஒத்தாசை! பகல் முழுக்க அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார், நான் கேட்டில் நின்றேன். யார் யாருக்கு ஒத்தாசை?

வீட்டில் இன்னும் மூன்று பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். அந்தச் சமயத்தில்தான் ஏற்காட்டில் ஏரிப் பக்கம் புதிதாகத் திறந்த ஓட்டலில் ரிசப்ஷனில் உட்காரச் செக்யூரிட்டி வேலைக்குப் பெண் ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். வருகிறவர் பெயர் கேட்பது, சாமான் பார்ப்பது, வேலை முடிந்து போகும் பெண்களின் பையைச் சோதிப்பது. கேட்டதும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நான் சும்மா பார்த்த வேலைக்கு மலைமேல் இன்னோர் இடத்தில் சம்பளம் கொடுக்கிறார்கள்! ஆனால் பயோடேட்டாவும் சர்டிபிகேட்டும் கொண்டுவர வேண்டுமாம்.

மேனேஜரிடம் போனேன். இத்தனை வருடம் கேட் பார்த்தேன் என்று ஒரு வரி எழுதிக் கேட்டேன். சம்பள ஆட்கள் பெயர் எழுதும் செக்ரோலில் என் பெயர் இல்லையாம், அதனால் எழுத முடியாதாம். அதற்குப் பதில், நாணயமானவர், நல்ல குணம் உள்ளவர் என்று எழுதி ஆபீஸ் முத்திரை குத்திக் கொடுத்தார். மாதா கோயில் சாமியாரிடம் போனேன். அவர், தவறாமல் பூசைக்கு வருபவர், பிள்ளைகளை நல்லபடி வளர்ப்பவர் என்று எழுதினார். இருவரும் ஆசையாகத்தான் எழுதிக் கொடுத்தார்கள். நான் நல்லவள் என்று எழுத யாருக்கும் கை வலிக்கவில்லை. வேலை பார்த்தவள் என்று எழுதத்தான் ஒரு கையும் வரவில்லை.

அந்த இரண்டு காகிதத்தையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிக் கடைவீதிக்குப் போனேன். அங்கே டைப் அடிப்பவர் சேலத்துக்காரர், என் தம்பி வயது. அடிப்பது இங்கிலீஷ். ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டு அடித்தார். வயது கேட்டார், பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார், மூன்றாவது வரை மிஷன் பள்ளிக்கூடம் என்றதையும் அடித்தார். அனுபவம் என்ற இடம் வந்தது. நான் கேட் கதையை முழுசாகச் சொன்னேன். அவர் கை மிஷின்மேல் சும்மா கிடந்தது.

"அதெல்லாம் உங்க ஊட்டுக்காரரு வேலைங்கம்மா."

"அவரு ராத்திரி. பகல்ல நானுங்க."

"அதுக்கு சர்டிபிகேட் வெச்சிருக்கீங்களா?"

"இல்லீங்க."

"அப்ப இல்லைன்னுதானுங்க அடிக்கோணும்." டக் டக்கென்று அடித்தேவிட்டார். என்னை ஒன்றும் கேட்காமல் அடுத்த வரியையும் அடித்தார்.

"அது என்னதுங்க?"

"பொழுதுபோக்குங்க. கோலம் போடுதல், பூ கட்டுதல்."

"ஏனுங்க, நாங்க வேதக்காரங்க. நான் எப்பங்க கோலம் போட்டேன்?"

"பொம்பளைங்களுக்கு எல்லாம் அதுதானுங்கம்மா போடறது. யாரும் வந்து பாக்கப் போறதில்ல."

"போடாத கோலத்த அடிக்கறீங்க. பாத்த வேலைய அடிக்க மாட்டீங்களா?"

பக்கத்தில் டைப் பழகிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஆனாலும் தாளை வாங்கிக்கொண்டேன். வேறு கடை ஏது?

ஓட்டல் மேனேஜர் கோட்டுப் போட்ட இளவட்டம். உட்காரச் சொன்னார். தாளையும் இரண்டு கடிதத்தையும் புரட்டினார்.

"எல்லாரும் உங்களை நல்லவங்கன்னு எழுதியிருக்காங்கம்மா. இந்த வேலைக்கு அது மட்டும் பத்தாது. அனுபவம் இல்லைன்னு நீங்களே போட்டிருக்கீங்களே."

"நான் போடலீங்க" என்று ஆரம்பித்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பாத்திரம் கழுவ ஆள் வேண்டும், வருகிறீர்களா என்றார்.

அப்போது தரை துடைத்துக்கொண்டிருந்த ஒருத்தி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். எங்கள் எஸ்டேட்டில் பழம் எடுத்தவள். ஒரு சாயங்காலம் அவள் தூக்குப்போசியைத் திறந்து, சோற்றுக்கடியில் இருந்த மிளகை எல்லார் முன்னும் கொட்டிவிட்டேன். அதற்கப்புறம் என் முகத்தில் அவள் விழித்ததில்லை. இப்போது பக்கத்தில் நின்ற இன்னொருத்தியிடம், எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்.

"அட, கேட்டுக்காரி! இவ இங்க வந்து உக்காந்தான்னா ஒரு சோப்புத் துண்டு வெளிய போவாது பாத்துக்க."

மேனேஜர் தலை நிமிர்ந்தது. "எந்த கேட்டுக்காரி? உனக்கு இவங்களைத் தெரியுமா?"

"தெரியாம என்னங்க சார்? எங்க சின்னாத்தா செத்த அன்னிக்கு நாங்க அழுதுகிட்டு ஓடறோம், எங்களை நிக்க வெச்சு மடியப் பாத்த பொம்பளைங்க இது. ஈவு எரக்கம் கெடையாது. பகலெல்லாம் கேட்டுல பிசாசாட்டம் நிக்கும்."

"இவங்கதான் பார்த்தாங்களா? வாட்ச்மேன் இல்லையா?"

"அந்தாளு தூங்குவானுங்க."

அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. செத்த வீட்டுக்குப் போகிறவளின் மடியைப் பார்த்தேன், உண்மைதான். ஒருத்தியை விட்டால் மறுநாள் ஆளுக்கொரு சாவு சொல்வார்கள். முத்திரை குத்தித் தர எஸ்டேட்டுக்கு மனம் வராத சர்டிபிகேட்டை, தரை துடைக்கிற துணியோடு நின்று அவள் கொடுத்தாள். அதுவும் என்னைத் திட்டிக்கொண்டே.

திங்கட்கிழமை வரச் சொன்னார் மேனேஜர். நான் எழுந்திருக்கவில்லை.

"இவ சொன்னத அந்தத் தாள்ல எழுதிருங்க சார்."

"வேலைதான் குடுத்தாச்சேம்மா. அப்புறம் எதுக்கு?" தாள் ஃபைலுக்குள் போய்விட்டது.

எதற்கு என்று முதல் மாதச் சம்பளம் வாங்கியபோது தெரிந்தது. எனக்குப் போட்டிருந்தது அனுபவம் இல்லாத புது ஆள் சம்பளம். ராத்திரி அதே மேசையில் உட்காரும் ஆம்பிளைக்கு முன்பு ஒரு மில் கேட்டில் இருந்த கணக்கைச் சேர்த்து அதிகம் போட்டிருந்தார்கள். கேட்டேன். "உங்க பயோடேட்டாவுல இல்லையேம்மா" என்றார்கள். வேலையை அவள் வாயைக் கேட்டுக் கொடுத்தார்கள், சம்பளத்தைத் தாளைப் பார்த்துக் கொடுத்தார்கள். பிள்ளைகள் பசி பொறுக்காது என்பதால் அப்போதைக்கு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த மேசையில் உட்கார்ந்துதான் மிச்சப் பிள்ளைகளையும் கரையேற்றினேன். விலகும் நாள்வரை அந்த ஃபைலில் அந்த வரி அப்படியே கிடந்தது. ஒவ்வொரு வருடமும் திருத்தச் சொல்லிக் கேட்டேன். கிழவிக்கு இதே வேலை என்று சிரித்தார்கள்.

அதனால் இங்கே என் வாயாலேயே சொல்லிப் பேத்தியை எழுத வைக்கிறேன். எஸ்டேட் கேட்டைப் பகலில் காத்தது நான். என் வீட்டுக்காரர் ராத்திரி காத்தார், அவர் வேலையை நான் எடுத்துக்கொள்ளவில்லை. என் வேலையை அவர் பெயரில் யாரும் எழுத வேண்டாம்.

எழுதிட்டயா, கண்ணு? ஆதியில இருந்து ஒருக்கா சத்தமாப் படி. நல்லா இருக்கட்டும்னு நீயா எதாச்சும் சேத்திருந்தா அங்கயே நிறுத்திச் சொல்லோணும், ஆமா.