அத்தை வெளுத்த சட்டை

எனக்கும் என் மாமியாருக்கும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. குழம்பில் உப்பு கூடினால் சண்டை, குறைந்தாலும் சண்டை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான், இப்போது அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. அத்தையும் சளைத்தவர் இல்லை. இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவர் என் வீட்டுக்காரர்.

செந்துறைப் பக்கம் காட்டுவேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். எமர்ஜென்சி முடிந்து சில வருஷம் ஆகியிருந்த சமயம் அது. கடலை பிடுங்கும்போது ஆட்களைச் சேர்த்துக்கொண்டு கூலியைக் கூட்டிக் கேட்டார். அடுத்த வாரமே, யாருடைய மோட்டார் கொட்டகையிலோ காப்பர் கம்பி காணோம் என்று சொல்லி போலீஸ் அவரைக் கூட்டிக்கொண்டு போனது. பிணமாகத்தான் திரும்பினார். வயிற்றுவலியில் செத்தார் என்று எழுதிவிட்டார்கள். எங்களில் புதைப்பதுதான் வழக்கம். எரித்தே ஆக வேண்டும் என்று போலீஸ்காரர்கள் சுடுகாட்டிலேயே நின்றார்கள். எதிர்த்துப் பேச எங்களில் யாருக்கும் தெம்பு இல்லை.

மிஞ்சியது ஒரு சட்டைதான். ஆஸ்பத்திரிப் பிணவறையில் வேலை செய்த ஒருவர் யாரும் பார்க்காதபோது அதைச் சுருட்டி என் கையில் திணித்தார். வெள்ளைச் சட்டை. முதுகுப் பக்கம் பிரம்பு விழுந்த இடமெல்லாம் ரத்தம் கோடு கோடாகக் காய்ந்திருந்தது. கொண்டுவந்து தகரப்பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டினேன்.

செந்துறையில் சைக்கிள் கடை வைத்திருந்தவர் ஒருவர் விஷயம் தெரிந்த ஆள். இப்படி அநியாயமாகச் சாகிறவர்களுக்காக விசாரித்து எழுதுகிற சங்கம் மெட்ராஸில் இருக்கிறது என்று சொல்லி, அவரே எழுதிப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை வருவதாகப் பதில் வந்தது. கடைக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்து, "அந்தச் சட்டையப் பத்திரமா வைங்க. வர்றவங்க மொதல்ல அதத்தான் பாப்பாங்க" என்றார். அத்தையும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

ஞாயிறு விடிந்ததும் பெட்டிச் சாவியை அத்தையிடம் கொடுத்துவிட்டு, அவர்களைக் கூட்டி வர நான் செந்துறைக்குப் போனேன். அரியலூரில் ரயில் இறங்கி பஸ் பிடித்து அவர்கள் வந்து சேர உச்சிப்பொழுது ஆகிவிட்டது. ஒரு வக்கீல், காலேஜில் பாடம் நடத்துகிற ஓர் அம்மா, தோளில் கேமராவோடு ஒரு பையன். நடந்து வரும்போது அந்த அம்மா சொன்னார், உலகத்தில் எந்த மூலையில் மனுஷனை அடித்துக் கொன்றாலும் அதை விசாரித்து ஊரறியச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்களாம், எங்கள் விஷயம் லண்டன் வரைக்கும் போகுமாம். எங்கள் தெருவுக்கு ரோடே வந்து சேரவில்லை, இது லண்டன் போகுமாக்கும் என்று மனசுக்குள் நினைத்தேன். ஆனாலும் அன்றைக்குத்தான் எனக்கு மூச்சு சரியாக வந்தது. என் வீட்டுக்காரர் திருடன் இல்லை என்று சொல்ல நாலு பேர் வந்துவிட்டார்கள்.

வாசலுக்கு வந்தால் கொடியில் சட்டை காய்கிறது.

நீலம் போட்டு, கஞ்சி போட்டு, மொடமொடவென்று. அத்தை அதை எடுத்து மடித்து, இரண்டு கையாலும் அந்த அம்மாவிடம் நீட்டினார்.

"கறை போவவே மாட்டேன்னுச்சுங்க. சவுக்காரம் பத்தல, எலுமிச்சம்பழம் வச்சுத் தேய்ச்சேன். எம்புள்ள அழுக்குச் சட்ட போட்டவன் இல்லீங்க. கூலிக்காரனுக்கு எதுக்குடா வெள்ளச் சட்டன்னு மேலத்தெருவுல கேப்பாங்க. திருட்டுப்பய சட்டன்னு நீங்களும் நெனச்சிடக் கூடாது பாருங்க."

வக்கீல் வெளிச்சத்துக்கு நேராகச் சட்டையைப் பிரித்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. கேமராப் பையன் மூடியைத் திறக்கவே இல்லை. அந்த அம்மா, "பரவால்லம்மா, நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அடிப்பாவி கிழவி என்று கத்த வாய் வரைக்கும் வந்தது. அத்தை அவர்களுக்கு மோர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் கத்தவில்லை.

அவர்கள் அக்கம்பக்கத்தில் விசாரித்து எழுதத்தான் எழுதினார்கள். ஆனால் அவரைப் பிடித்து வைத்திருந்தபோது ஸ்டேஷன் பக்கம் போன ஆள் யாரும் வாயைத் திறக்கவில்லை. அடித்ததற்குக் கண்ணால் காணும் ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை என்று அந்த அறிக்கையில் வந்திருந்ததைச் சைக்கிள் கடைக்காரர் எங்களுக்குப் படித்துக் காட்டினார். சர்க்கார் விசாரணையும் வயிற்றுவலி என்றே முடிந்தது.

சில நாள் கழித்து இருவரும் கடலை உடைத்துக்கொண்டிருந்தோம். அத்தை தலை நிமிராமல் கேட்டார்.

"ஏண்டி, ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் சண்டைக்கு வருவ. அன்னிக்கு ஏன் என்னைய ஒண்ணும் சொல்லல?"

நான் அடுத்த கடலையை எடுத்து உடைத்தேன்.

"அந்தக் கறயத்தான் பாக்க வந்தாங்களா? நாந்தான் கெடுத்துட்டனா? ஒரு தடவ வாய்விட்டுத் திட்டிடுடி. இப்புடி இருக்காத."

"இல்ல அத்த. கறை இருந்திருந்தாலும் வயித்துவலின்னுதான் எழுதியிருப்பாங்க" என்றேன்.

அது உண்மையாகவும் இருக்கலாம். அத்தை நம்பவில்லை, நானும் நம்பவில்லை. அதற்குப் பிறகு சாகும்வரை அவர் என்னை அதட்டி ஒரு சொல் சொன்னதில்லை. குழம்பில் உப்பை அள்ளிக் கொட்டினால்கூடப் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார். ஒரு வார்த்தை திட்டக் கூடாதா என்று எனக்கு ஏக்கமாக இருக்கும்.