செல்போன் கடை போர்டுக்குப் பின்னால் இரண்டு சிப்பாய்கள்

1. ஏணி

திண்டிவனத்தில் சொந்தமாகப் போர்டு மாட்டும் வேலை எடுத்த முதல் நாளே, இரண்டு சிப்பாய்களை உடைக்கச் சொன்னார்கள். கடைத்தெருவில் ஒரு பழைய மாடி வீடு. மாடிக் கைப்பிடிச் சுவரின் மேல், பக்கத்துக்கு ஒருவராகச் சுதைச் சிப்பாய்கள் நின்றார்கள். நீலக் கால்சட்டை, சிவப்புத் தலைப்பாகை, தோளில் துப்பாக்கி. செய்த கொத்தனார் துப்பாக்கியைக் கிட்டத்தில் பார்த்ததில்லை போலிருக்கிறது. உலக்கையைத் தூக்கிக்கொண்டு மாவு இடிக்கப் போகிறவர்கள் மாதிரி இருந்தார்கள்.

கீழே செல்போன் கடை. வீடும் கடையும் ஏகாம்பரத்துடையவை. "பிரேம் செவுத்தோட ஒட்டி உக்காரணும்ப்பா. அந்த பொம்மைங்கள தட்டி வுட்டுட்டு ஜல்தியா மாட்டிடு," என்றார்.

சுதையை உடைத்தால் தூசி. தூசி பட்டால் எனக்குத் தும்மல் நிற்காது. இடிபாட்டை அள்ளிக் கொட்டுவதும் என் தலையில்தான் விழும். ஆகவே இரும்பு ஆங்கிளை நீட்டி வெல்டிங் வைத்து, சுவரை விட்டுத் தள்ளிப் பிரேமை நிறுத்தினேன். பிளெக்ஸை இழுத்துக் கட்டியதும் சிப்பாய்கள் மறைந்துபோனார்கள். தெருவிலிருந்து போர்டு தெரிந்ததால் ஏகாம்பரத்துக்கும் திருப்தி. கலைப்பற்று என்று யாரும் தப்பாக நினைத்துவிட வேண்டாம், வெறும் சோம்பேறித்தனம்தான்.

2. கழுத்து

புதுப் போன் வரும்போதெல்லாம் பிளெக்ஸை மாற்ற வேண்டும். பழசைக் கழற்றும்போது சிப்பாய்கள் முகத்துக்கு முகம் நிற்பார்கள். வெயிலும் மழையும் படாததால் நிறம் கெடவில்லை. ஒவ்வொரு தடவையும் ஏதாவது புதிதாகக் கண்ணில் படும். ஒருவனுக்குச் சட்டையில் பொத்தான் குறைவு, இன்னொருவனுக்கு மீசைக்கு அடியில் சின்னச் சிரிப்பு. எனக்கு அவர்களைப் பிடித்துப்போய்விட்டது.

அதன் பிறகு எந்தத் தெருவில் நடந்தாலும் கண் மேலேயே போனது. கீழே எல்லாம் ஷட்டரும் டைல்ஸும்தான். அதற்கு மேலே கொடிப் பின்னல், வளைவு, கலர் கண்ணாடி, வீடு கட்டிய வருஷம் என்று வேறோர் ஊர் இருக்கிறது. விழுப்புரத்துக்கு வேலைக்குப் போனாலும் ஸ்டேஷனிலிருந்து அண்ணாந்தபடிதான் நடப்பேன். "இன்னாண்ணே, கழுத்து சுளுக்கிக்கிச்சா?" என்று தெரிந்தவர்கள் விசாரித்தார்கள். ஒருவர் தைலமே வாங்கிக் கொடுத்தார்.

3. மரியாதை

மலர்விழி என்று ஒரு கல்லூரி ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய கட்டடங்களைக் காட்ட ஒரு கூட்டத்தை அழைத்துப்போவார். ஒருநாள் பனமலைக் கோயில் பார்த்துவிட்டு வந்தவர்கள், திண்டிவனத்தில் டீ குடிக்க நின்றார்கள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் நான் சிப்பாய்களைப் பற்றிச் சொன்னேன். பிளெக்ஸைக் கழற்றிக் காட்ட முடியுமா என்று அவர் கேட்டதும் ஏகாம்பரம் ஒப்புக்கொண்டார். நானே ஏறி அவிழ்த்தேன். அத்தனை பேரும் வாய் பிளந்து பார்த்தார்கள். போட்டோ எடுத்துத் தள்ளினார்கள். ஏகாம்பரம் எல்லாப் படத்திலும் இருந்தார்.

மறுநாள் என்னைக் கூப்பிட்டார்.

"ஊரே பாத்துக்கினு போவுது. இப்டி அழுக்கா நிக்க வுடலாமா? புதன்கிழமை கொத்தனாரு வர்றாரு. சொரண்டிட்டு தங்கக் கலர் அடிச்சிடலாம்."

"துப்பாக்கிண்ணே?"

"அத்த வெட்டிடலாம். கடைக்கு வர்றவங்கள துப்பாக்கி காட்டியா கூப்புடுவாங்க? ஆளுக்கொரு செல்போன் குடுத்துடலாம்."

யாரும் சீந்தாத வரைக்கும் நன்றாக இருந்தவர்களுக்கு, மரியாதை கிடைத்ததும் ஆபத்து வந்துவிட்டது. ஆசிரியைக்குப் போன் போட்டேன். அவர் நேரில் வந்து, சுரண்டினால் பழைய சுதை பெயர்ந்துவிடும், இது மரபுச் செல்வம் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். ஏகாம்பரம் அவருக்கு மோர் வரவழைத்துக் கொடுத்தார். "மரபுன்றதாலதான மேடம் இவ்ளோ செலவு பண்றேன்," என்றார்.

4. போர்டு

ஆசிரியை வாடிய முகத்தோடு பஸ் ஏறினார். நான் மட்டும் கடையில் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் எனக்குத் தெரிந்த தொழிலையே பேசினேன்.

"அண்ணே, தங்கக் கலர் நாலு மழைக்குத் தாங்காது. மேடம் எடுத்த போட்டோவ பெருசா பிளெக்ஸ் போட்டா இன்னா? ரெண்டு பக்கமும் சிப்பாய்ங்க. நடுவுல, கல்லாவுக்கு மேல இருக்குற உங்க அப்பா படம். மேல 'பாரம்பரிய இல்லம்'னு கொட்டை எழுத்து."

ஏகாம்பரம் யோசித்தார். "அப்பா பக்கத்துல நானு?"

"நீங்க இல்லாமயா?"

"எங்க மாட்டறது?"

"பிரேம் அங்கியே இருக்குதேண்ணே."

கொத்தனாரை வர வேண்டாம் என்று அப்போதே போனில் சொல்லிவிட்டார். இப்படியாகச் சிப்பாய்களின் படம் சிப்பாய்களை மறைத்தது. அடுத்த முறை வந்த கூட்டம் பிளெக்ஸைப் படம் பிடித்தது. ஆசிரியை மட்டும் ரகசியமாக, "பின்னால பத்திரமா இருக்காங்களா?" என்று கேட்டார். இருக்கிறார்கள் என்றதும் அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான். நம் ஊரில் ஒரு பொருளுக்கு மதிப்பு வருவது அது பிளெக்ஸில் ஏறிய பிறகுதான். அந்த வழக்கத்தைத் திட்டிக்கொண்டிருந்தால் பொருள் போய்விடும்.

போன மாதம் விழுப்புரத்திலிருந்து ஒரு அம்மா தேடி வந்தார். "எங்க மாடியில ரெண்டு சுதைக் கிளி இருக்குதுங்க. இடிச்சிட்டு ஸ்டீல் கைப்பிடி போடலாம்னு ஆளுக்கு சொல்லி வச்சிருந்தேன். திண்டிவனத்துல உங்க போர்டப் பாத்தப்புறம் இடிக்க வேணாம்னுட்டேன். அந்தக் கிளிங்களுக்கும் அதே மாதிரி ஒண்ணு போட்டுக் குடுங்களேன். எங்க வூட்டுக்காரர் படம் நடுவுல வரணும்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அளவு டேப்பை எடுத்துக்கொண்டு அவரோடே கிளம்பினேன். மாடியில் ஏறி அளந்து பார்த்தேன். கிளிகள் உள்ளங்கை அகலம்தான்.

"போர்டு கொஞ்சம் பெருசாவே இருக்கட்டும்மா," என்றேன். "அவரு படம் எடுப்பாத் தெரியணும்ல."