மோட்டார் ரூம் கதவில் ஒட்டிய நோட்டீஸ்

இன்று திண்டிவனம் போய் ஒரு வக்கீலைப் பார்த்தேன். போன வருஷ மழையில் எங்கள் உப்பளத்து உப்பு கரைந்து, கடன் தவணை நின்றதால், வீட்டுப் பத்திரத்தை வாங்கி வைத்திருக்கும் பைனான்ஸ்காரன் நோட்டீஸ் விட்டிருக்கிறான். அது சட்டப்படி செல்லுமா என்று கேட்கத்தான் போனேன்.

பஸ்ஸில் மீன் கூடைக்குப் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. நோட்டீஸிலும் அந்த வாடை ஏறிவிட்டது. வக்கீல் கையை நீட்டித் தூரப் பிடித்துத்தான் படித்தார்.

"அறுபது நாள் கெடு முடிஞ்சிடுச்சே. எப்பப்பா வாங்குன?"

"எங்கங்க வாங்குனேன்? உப்பளத்துல தண்ணி எறைக்கிற மோட்டார் ரூம் கதவுல ஒட்டிட்டுப் போயிட்டான். மழைக்காலத்துல அந்தப் பக்கம் யாருங்க போவா? நேத்துதான் பாத்துப் பிச்சி எடுத்தேன்."

"வீட்டுக்கு வரலியா? அப்ப இது செல்லாதுன்னு கேஸ் போடலாம்பா."

எனக்கு உயிர் வந்தது. கடன் பேப்பரை எடுத்துக் கொடுத்தேன். புரட்டியவர் நிமிர்ந்தார்.

"ஏம்பா, உன் அட்ரஸே மோட்டார் ரூம்னுதான போட்டிருக்குது?"

"வருஷத்துல முக்கால்வாசி அங்கதானங்க கெடக்குறோம். நான்தான் அப்படி எழுதச் சொன்னேன்."

"அப்ப செல்லும்."

இனி வீட்டைப் பூட்ட வருவார்களாம். அதற்கு மட்டும் தப்பாமல் வீட்டுக்கே வருவார்கள்.

நம்ம உப்பளத்து ஆட்களில் இன்னும் யாரெல்லாம் மோட்டார் ரூமில் குடியிருப்பதாக எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள்?