மீனாம்பிகையின் கல்வெட்டு

நயினாதீவில் யாராவது கண்ணை மூடினால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வந்தவர்களுக்குக் கொடுக்கும், இறந்தவரின் வரலாறு சொல்லும் கல்வெட்டுப் புத்தகத்தை மார்க்கண்டர்தான் எழுதுவார். உபதபாலதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். பிறந்த திகதி, பெற்றோர் பெயர், பேரப்பிள்ளைகளின் வரிசை எதுவும் அவர் கையில் பிழையாகாது. இந்தமுறை எழுதியது மனைவி மீனாம்பிகையின் கல்வெட்டு. செத்தவீட்டில் அவர் அழவில்லை, எழுதும்போதும் அழவில்லை. மற்றவர்களுக்கு எழுதுவதைப் போலவே கணினியில் எழுதிக்கொண்டிருந்தார். அடுத்த நாள் முதற் படகில் அது யாழ்ப்பாணத்து அச்சகத்துக்குப் போக வேண்டும்.

பின்னேரம், தமிழிலிருந்து ஆங்கில எழுத்துக்கு மாற்றப் போன விரல்கள் வேறு விசைகளில் பட்டுவிட்டன. காலை தொடங்கி எழுதிய நான்கு பக்கமும் மறைந்தன. கறுத்த திரையில் ஒற்றை வரி பெயரைக் கேட்டது. அடித்தார். கடவுச்சொல்லைக் கேட்டது. அதை அடிக்க, ஒரு புள்ளிகூட விழவில்லை. விசைப்பலகையும் செத்துவிட்டது என்று எண்ணினார்.

மனைவியின் தங்கை இராசேஸ்வரி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“நிப்பாட்டிப்போட்டுத் திரும்பப் போடுங்கோ அத்தான். ரீவிக்கு நான் அப்பிடித்தான் செய்யிறனான்.”

“நிப்பாட்டினால் எல்லாம் போயிடும். இன்னும் சேமிக்கேல்லை.”

“நீங்களோ? கறிக்கு உப்புப் போட்டதையும் எழுதி வைக்கிற மனுசன்.”

அவர் கை சுவரிலிருந்த சுவிச்சில் போய் நின்றது. பிறகு அதே கையால் கைபேசியை எடுத்தார். யாழ்ப்பாணத்தில் கடை வைத்திருக்கும் பிரசாந்தன்தான் அந்தக் கணினியைப் பொருத்திக் கொடுத்தவன்.

“சுவிச்சில கை வைக்காதேங்கோ அண்ணை,” என்றான் பிரசாந்தன். “உங்கட கணினியில ஓடுற லினக்ஸ் எண்டால் ஒரு வீட்டுக்குள்ள ஏழு அறை மாதிரி. நீங்கள் கதவு மாறிப் போயிட்டியள். உங்கட எழுத்து மற்ற அறையில அப்பிடியே கிடக்கும்.”

“எனக்கு இதில ஒரு கதவும் தெரியேல்லை, தம்பி. கடவுச்சொல் அடிச்சாலும் ஒண்டும் விழுகுதில்லை.”

“அந்த அறையில அது காட்டாது. கொன்ரோல் விசையையும் ஓல்ட் விசையையும் அமத்திப் பிடிச்சுக்கொண்டு எஃப் ஒண்டை அடியுங்கோ.”

அடித்தார். திரும்பவும் கறுப்பு, திரும்பவும் பெயரைக் கேட்டது.

“அப்ப எஃப் ஏழு.”

வெள்ளைப் பக்கம் வந்தது. ‘இல்லறத்தில் இணைந்து’ என்ற இடத்தில் குறி மின்னிக்கொண்டு நின்றது. ஓரெழுத்தும் குறையவில்லை. மார்க்கண்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மீண்டும் போட்டார். மகிழ்ச்சி வருமா என்று சற்று நேரம் பார்த்திருந்தார். வரவில்லை.

“வந்திட்டுதோ? முதல்ல சேமியுங்கோ.”

சேமிக்கப் போனதும் சிறு பெட்டி திறந்து கோப்புக்குப் பெயர் கேட்டது. மற்றவர்களின் கோப்பெல்லாம் ‘அமரர்’ என்று தொடங்கும். அது அவர் வைத்த ஒழுங்கு. காலையில் இதே பெட்டி திறந்தபோது, ஒன்றும் எழுதாமல் மூடியிருந்தார்.

கைபேசிக்குள் பிரசாந்தனின் கடையில் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது.

‘அமரர் மீனாம்பிகை மார்க்கண்டு’ என்று அடித்தார். பிழை ஏதும் இருக்கிறதா என்று ஒருமுறை வாசித்தார். விசையை அழுத்தினார்.

“அண்ணை, லைனில நிக்கிறியளோ?”

“ஓம். சேமிச்சாச்சு. நீர் வையும்.”