மழையைப் பற்றிப் பேசக் கூடாத அறை

1. சாவி

குடிநோய் மறுவாழ்வு மையத்தில் கவுன்சிலராக இருந்தேன். ரிட்டயர் ஆவதற்குக் கொஞ்ச காலம் முன்பு, அருப்புக்கோட்டையில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தையும் என் தலையில் கட்டினார்கள். சீட்டு, போனில் ரம்மி என்று ஆடிக் குடும்பத்தைக் கவிழ்த்தவர்கள், அதை விட நினைத்துத் தங்களுக்குள் கூடிப் பேசுகிற கூட்டம் அது. மூடிக் கிடந்த ஒரு டியூஷன் சென்டரின் மாடி அறையில் நடக்கும்.

முதல் நாள் ஃபைலும் பேனாவுமாகப் போய் நடுநாயகமாக உட்கார்ந்தேன். கூட்டத்தை நடத்தியவர் காதர் அண்ணன். மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருந்து சீட்டாட்டத்தில் அதை இழந்தவர். பதமாகத்தான் சொன்னார்.

"மேடம், சாவி உங்ககிட்ட இருக்கட்டும். டீயும் நீங்களே சொல்லிருங்க. பேசுறத நாங்க பாத்துக்கிறோம்."

எனக்குச் சுருக்கென்றது. டீ சொல்லவா இத்தனை படிப்பு படித்தேன்! ஆனால் அங்கே முறை அப்படித்தான். ஆடியவர் மட்டும்தான் பேசலாம். அதிலும் தன் கதையைத்தான் பேசலாம். அடுத்தவருக்குப் புத்தி சொல்லவே கூடாது. என்னைப் போல வாய் நீண்டவளுக்கு அதைவிடப் பெரிய தண்டனை வேறு வேண்டாம். ஓரத்தில் நாற்காலியைப் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு உட்காரப் பழகினேன்.

எந்த டிரெய்னிங்கிலும் சொல்லித் தராத விதி ஒன்றும் அங்கே இருந்தது. அறைக்குள் யாரும் மழையைப் பற்றிப் பேசக் கூடாது. வானத்தை நம்பிப் பிழைக்கிற ஊரில் இதென்ன கூத்து என்று கேட்டேன். முன்பு இரண்டு பேர் ஜன்னல் வழியாகப் பார்த்து, சாயங்காலத்துக்குள் மழை வரும், வராது என்று ஒரு வடைக்குப் பந்தயம் கட்டினார்களாம். வடைதானே என்று மற்றவர்களும் சிரித்திருக்கிறார்கள். அடுத்த வாரம் இரண்டு பேருமே மறுபடி ரம்மியில் உட்கார்ந்துவிட்டார்கள். அன்றோடு மழைப்பேச்சுக்குத் தடை.

2. விதைப்பெட்டி

செல்லப்பாண்டிக்குப் பரளச்சிப் பக்கம் கொஞ்சம் கரிசல் காடு, முழுக்க வானம் பார்த்த மானாவாரி நிலம். ஆட்டுக்குட்டிகள், மனைவி முத்துமாரியின் தோடு எல்லாம் போனுக்குள் போன பிறகுதான் எங்களிடம் வந்தார். வந்ததிலிருந்து ஒரு வாரம்கூடத் தவறவிடவில்லை. ஸ்மார்ட்போனை விட்டுவிட்டுப் பட்டன் போனுக்கு மாறினார். ஆளும் தெளிந்தார். எனக்கு அவர்மேல் பெருமையே உண்டு, ஒளிப்பானேன்.

புரட்டாசி வந்தது. எங்கள் பக்கத்தில் கரிசலில் மழைக்கு முன்பே விதைத்துவிடுவார்கள். புழுதி விதைப்பு என்று பெயர். மழை விழுந்துவிட்டால் கரிசலில் கால் வைக்க முடியாது, அதனால் காய்ந்த புழுதியிலேயே விதையைப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். நல்ல மழை பெய்தால் முளைக்கும். ஒரு தூறலோடு நின்றால் முளைத்தது கருகும். தள்ளிப்போனால் எறும்பு தின்றுவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை செல்லப்பாண்டி தன் முறை வந்ததும் எழுந்து நின்றார். குரலே சரியில்லை.

"குதிரவாலி விதைக்கப் போனேன். விதைப்பெட்டியில கைய வச்சதும், ரம்மி ஆடுறப்ப வருமே, அதே படபடப்பு. இந்தத் தடவ வந்துரும், போடு போடுன்னு உள்ள இருந்து ஒருத்தன் சொல்றான். அவன எனக்கு நல்லாத் தெரியும். பெட்டிய அப்படியே வச்சுட்டு வந்துட்டேன்."

போய் விதையுங்கள் என்று யாரும் சொல்லக் கூடாது. விதி அப்படி. காதர் அண்ணன் தலையசைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

கூட்டம் முடிந்ததும் செல்லப்பாண்டியைப் படியிலேயே மறித்தேன். விவசாயம் வேறு, சூது வேறு, பேசாமல் போய் விதைத்துவிட்டு வாருங்கள் என்று பிடிபிடியென்று பிடித்தேன். அவர் கோபப்படவில்லை. ரம்மி ஆடின காலத்திலும் இதுவும் ஒரு தொழில்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டதாகச் சொன்னார்.

காதர் அண்ணனிடம் சண்டைக்கே போனேன். ஒரு தடவை விதியைத் தளர்த்தினால் குடியா முழுகிவிடும்?

"நான் விதைன்னு சொல்லி, மழ ஏமாத்திருச்சுன்னா அவரு நேரா எங்க போவாருன்னு உங்களுக்கே தெரியும் மேடம். போயிட்டா, திருப்பிக் கூட்டிட்டு வர என்னால ஏலாது" என்றார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் பெரிய வேதனை.

அந்த வாரத்துக்குள் முத்துமாரி மையத்துக்கே தேடி வந்தாள். வெயிலில் நடந்து வந்த முகம், தண்ணீர் கொடுத்தும் வாங்கவில்லை. நீங்கள் ஒதுங்கியிருங்கள், நானே விதைத்துக்கொள்கிறேன் என்று புருஷனிடம் சொல்லியிருக்கிறாள். நீ விதைத்தாலும் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கப்போவது நான்தானே என்று சொன்னவர், அவள் கடைக்குப் போன நேரத்தில் விதை முழுவதையும் பக்கத்துக் காட்டுக்காரருக்குச் சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டார்.

"அவுக ஆடிக்கிட்டுத் திரிஞ்சப்பக்கூட எங்க காடு தரிசாக் கெடந்ததில்ல மேடம். அப்படி என்னதான் சொல்லிக் குடுத்தீங்க அவுகளுக்கு?"

மறுபடி விதை வாங்கலாம், நானும் வந்து பேசுகிறேன் என்றேன். அதற்குள் அவள் வாசலைத் தாண்டிப் போயிருந்தாள். இரண்டு நாளில் மழை பிடித்துக்கொண்டது.

3. நல்ல மழை

அந்த வருடம் பெய்த மாதிரி அதற்கு முன் நான் பார்த்ததில்லை. விட்டுவிட்டுப் பெய்துகொண்டே இருந்தது. இனி விதைக்கலாம் என்றாலும் காட்டுக்குள் டிராக்டர் இறங்க வழியில்லை. கார்த்திகையில் ஒரு வேலையாகப் பரளச்சி வழியே பஸ்ஸில் போனேன். ரோட்டின் இரண்டு பக்கமும் பச்சைப்பசேல் என்று கிடந்தது. செல்லப்பாண்டியின் காடு எது என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கறுப்பாக இருந்தது அது ஒன்றுதான். பஸ்ஸுக்குள்ளேயே அழுதுவிட்டேன், வெட்கமென்ன.

முத்துமாரி மகளைக் கூட்டிக்கொண்டு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டாள். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையும் செல்லப்பாண்டி வந்தார். சவரம் செய்யாத முகம். இந்த வாரமும் ஆடவில்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். வழக்கம்போல எல்லோரும் கை தட்டினார்கள். அந்தச் சத்தம் எனக்குக் காதில் விழவே பிடிக்கவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஆள் ஆட்டத்தை விட்டுவிட்டார் என்று ரிப்போர்ட் எழுதி மூடிவிடாதீர்கள். விட்ட பிறகு எதையெல்லாம் தொடப் பயப்படுகிறார் என்று கேளுங்கள். அதற்கு நேரம் ஒதுக்குங்கள். குடும்பத்தையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். ஒவ்வொரு தடவையும் இது பலிக்கும் என்று என்னால் சொல்ல முடியாது.

தை பிறந்து, ஊரெல்லாம் அறுப்பு நடந்துகொண்டிருந்தபோது திருப்பூரிலிருந்து முத்துமாரி போன் செய்தாள். பின்னால் மெஷின் சத்தம்.

"அவுக ஆடுறாகளா மேடம்?"

"இல்லம்மா. சத்தியமா ஆடல."

"அப்ப என்னதான் செய்யிறாக?"

எதைத் தொடவும் பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறார் என்று உள்ளதைச் சொன்னேன். சரி என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்துவிட்டாள்.