வாய்க்கு வராத பெயர்

என் மகளுக்கு மூன்று வயது முடிந்தும் வாயில் ஒரு சொல் நிலைக்கவில்லை. ஒருநாள் காலையில் தெளிவாக "தண்ணி" என்றாள். அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்து, இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். உதட்டைக் குவித்தாள், விரித்தாள். நாக்கு வாய்க்குள் எதையோ தேடுவதுபோல் அலைந்தது. பிறகு பல மாதம் அந்தச் சொல் வரவே இல்லை.

காது நன்றாக இருந்தது. நாம் சொல்வதெல்லாம் அவளுக்குப் புரியும். கணவர் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறார். வருடத்தில் பெரும்பகுதி கடலில்தான். "அவ அப்பனும் லேட்டாத்தான் பேசினான், விடுளா," என்பார் மாமியார். நானும் விட்டுவிட்டேன்.

அந்த வருடம் மாதா கோயில் திருவிழாக் கூட்டத்தில் அவள் என் கையை விட்டு நழுவிப்போனாள். பலூன் கடைகளுக்கு நடுவே தேடிக்கொண்டிருந்தபோது ஒலிபெருக்கியில் ஒருவர் அறிவித்தார்: "நீலக் கவுன் போட்ட ஊமைப் பிள்ளை ஒண்ணு இங்கன நிக்குது. பெத்தவங்க மேடைக்கு வாங்க."

யார் பெற்ற பிள்ளையோ, பாவம் என்று நினைத்தபடி மேலும் நடந்தேன். மறுபடி அறிவித்தபோதுதான் நீலக் கவுன் காதில் விழுந்தது.

மேடையருகே நின்ற பெரியவர், "பேரு என்னன்னு கேட்டோம்மா. வாயத் தொறக்கா, ஒண்ணும் வரல. விடாமக் கேட்டோம், அழுதிட்டு," என்றார். அவளுடைய கீழுதடு கடிபட்டு ரத்தம் கசிந்திருந்தது. ஊமை இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வேறென்ன என்று கேட்பார்களே என்று தோன்றியது. தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த வாரமே திருநெல்வேலிக்குப் போனோம். அங்கே பேச்சுப் பயிற்சி தரும் பெண் ஒருவர் மகளைக் கண்ணாடி முன் உட்காரவைத்து, "ஊது பாப்போம்," என்றார். மகளுடைய வாய் கோணியது, காற்று வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, கொண்டுபோயிருந்த பாலை டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். சூடு பட்டதும் அவளே ஊதினாள்.

"பாத்தீங்களா? தானா ஊதுதா. நாம சொன்னா முடியல," என்றார் அந்தப் பெண். "உதட்டுக்கும் நாக்குக்கும் பலம் இருக்கு. சொல்ல வேண்டிய வார்த்தையும் அவளுக்குத் தெரியும். எந்த அசைவுக்கு அப்புறம் எந்த அசைவுன்னு மூளை போடுற திட்டம்தான் கலைஞ்சு போவுது. அப்ராக்ஸியான்னு சொல்லுவோம்."

"பிடிவாதம்னு எல்லாரும் சொல்லுதாங்களே?"

"அவ சொல்லிப் பாக்காத நேரமே இல்லம்மா."

எப்போது சரியாகும் என்று கேட்டேன். அதைச் சொல்ல முடியாது, பயிற்சியை மட்டும் விடாதீர்கள் என்றார்.

விடவில்லை. மா, மீ, மூ. ஒவ்வொரு நாளும் கண்ணாடி முன்னால் ஆரம்பத்திலிருந்து தொடங்கினோம். நேற்று வந்த ஒலி இன்று வராது. சில நாள் கண்ணாடியை அறைவாள். சில நாள் நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். பல வாரம் உழைத்து "அப்பா வா" என்று சொல்லப் பழகினாள். கணவர் ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து அழைத்தபோது போனை அவள் வாயருகே பிடித்தேன். "பா... ஆ... பா..." என்று திணறினாள்.

"ஏளா, லைன் விட்டு விட்டு வருது. அப்புறம் கூப்பிடுதேன்," என்று வைத்துவிட்டார். லைன் நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் அவள் கண்ணாடி முன் உட்கார மறுத்துவிட்டாள். அதற்கடுத்த நாள் தானாக வந்து உட்கார்ந்தாள்.

இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். பேசுகிறாள், வெளியாட்களுக்குப் பாதி புரியாது. போன மாதம் பள்ளி விட்டு வந்தவளின் முகம் வாடியிருந்தது. வகுப்பில் பிள்ளைகள் தன் பேச்சைக் கேலி செய்து ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள் என்றாள். என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். சொன்னாள், எனக்குப் புரியவில்லை. மறுபடி சொல்லச் சொன்னேன். கழுத்து நரம்பு புடைக்க, ஒவ்வொரு எழுத்தாகப் பிரித்துச் சொன்னாள்.

கொன்னவாய்.

"புரிஞ்சிட்டும்மா," என்றேன். அவள் தலையசைத்துவிட்டு ஷூவைக் கழற்றப் போனாள்.