சிவப்பாய் மின்னியவை

பிள்ளைகளே, என் தம்பிக்கு ரத்தப் புற்றுநோய் வந்தபோது, அவனுக்காக என் ரத்தத்திலிருந்து செல்களை எடுத்து உறைய வைத்திருந்தார்கள். அவனுக்கு ஏற்றுவதற்கு முன், அவை உயிரோடு இருக்கின்றனவா என்று சோதிக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் வேலை செய்த கவிதா, கூலாயில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண். நான் கெஞ்சியதால் வாசலில் நிற்க விட்டாள்.

சாயம் கலந்த செல்கள் ஒவ்வொன்றாக லேசர் ஒளியைக் கடந்தன. இருண்ட திரையில் சிவப்புப் புள்ளிகள் மின்னின. கோயில் விளக்குகளைக் கண்டதுபோல் கைகூப்பினேன்.

"அலமாக்!" என்று பதறினாள் கவிதா. "கும்பிடாதீங்கண்ணே! மின்னுறதெல்லாம் செத்தது லா. செத்த செல்லுக்குள்ளதான் இந்தச் சாயம் புகும்."

நான் மூச்சு விட்டுக்கொண்டு நிற்கிறேன். என்னில் செத்துப்போனவை எதிரே மின்னுகின்றன. ஒன்று, இன்னொன்று, மறுபடியும் ஒன்று.

"அப்ப தம்பிக்கு?"

அவள் திரையின் இருண்ட ஓரத்தைக் காட்டினாள். அங்கே மங்கலான புள்ளிகள் சத்தமில்லாமல் மணல்போல் குவிந்துகொண்டிருந்தன.

"இதுங்க சாயத்த உள்ள விடல. உயிரோட இருக்கு. தம்பிக்குப் போதும்ணே."

தம்பி இன்று பக்கத்து ஊரான செடெனாக்கில் லாரி ஓட்டுகிறான். நான் வீட்டில் விளக்கேற்றும்போது, சுடரைக் கும்பிட்டபின், அறை மூலையில் இருக்கும் இருட்டையும் ஒருமுறை கும்பிட்டுக்கொள்கிறேன்.